நீங்கள் பேசாத பேச்சு

என் அன்புக்குரிய மெர்சி அக்காவுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீங்கள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். பங்குனி பிறப்பதற்குள் வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாம் நடக்கிற சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் உங்கள் நாற்காலியில் புதிதாக வந்த சமூக அறிவியல் டீச்சர் உட்காருகிறாள். நல்ல பிள்ளை. ஆனாலும் அவள் அதை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உங்களைப் பற்றிய ஒரு விஷயத்தை உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழையதிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில் உங்களுக்குச் சலிப்பு வந்ததில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சமூக அறிவியல், நான் கணக்கு. இரண்டு பேருக்கும் வீடு இராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் ஒரே பேருந்து. என் வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்று தெரிந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும், சாப்பிட்டாயா என்பதை "தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த தெலுங்கு அது ஒன்றுதான். அதைக் கேட்காமல் நான் டிபன் பாக்ஸைத் திறந்ததில்லை. இப்போது யாரும் கேட்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் வகுப்புப் பிள்ளை செல்வி அழுதுகொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா அக்கா? அவள் அப்பா விடியற்காலையில் மில் நண்பர்களோடு அய்யனார் கோவிலுக்குக் குளிக்கப் போயிருந்தார். இவள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் அம்மாவின் போனில் ஒரு வீடியோ வந்தது. அய்யனார் கோவில் ஆற்றில் திடீர் வெள்ளம், குளித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குப் போன் போகவில்லை. மலையடிவாரத்தில் டவர் கிடைக்காது என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? அம்மா அக்கம்பக்கத்தாரோடு மலைக்கு ஓட, செல்வியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

அவளைக் கொண்டுவந்து விட்டவர்களிடம் நீங்கள் அந்த வீடியோவை வாங்கி ஆசிரியர் அறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். நாங்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் தண்ணீரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அதில் ஒரு பெரிய கான்கிரீட் பாலம் இருந்தது. பாலத்தில் ஒரு பஸ் நின்றது. பஸ்ஸின் நெற்றியில் இருந்தது நம் எழுத்து இல்லை. அய்யனார் கோவில் ஆற்றில் இத்தனை பெரிய பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பிறகு கோவில் போகிற வழியில் மாங்காய் விற்கிற உங்கள் சபைக்கார அம்மாவின் மகனுக்குப் போன் போட்டீர்கள். அங்கே தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை, சனம் துணி துவைத்துக்கொண்டிருக்கிறது என்றான் அவன்.

மத்தியானத்துக்குள் செல்வியின் அப்பா ஈரத்துண்டோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். மகள் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்குகிற நேரத்தில் சொன்னீர்கள்.

"காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் அந்தப் பிள்ளை தகப்பன் இல்லாத பிள்ளையா இருந்திருக்கா சுகுணா. அம்புட்டு நேரமும் அவளுக்கு அது நெசந்தானே."

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய் நின்றீர்கள். போனில் வருகிற செய்தியைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், வாரம் ஒரு பிரிவேளை வேண்டும் என்று கேட்டீர்கள். பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இது எந்தப் பரீட்சையில் வரும் என்று அவர் கேட்டார். தினமும் காலையில் வீட்டில் வருகிற பரீட்சை என்று நீங்கள் பதில் சொன்னதாகப் பின்னால் பள்ளியில் ஒரு கதை உலவியது. உண்மையில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒரு தடவ விட்டுப் பாருங்க மேடம்" என்று மட்டும்தான் சொன்னீர்கள். யாருக்கும் வேண்டாத வெள்ளிக்கிழமைக் கடைசிப் பிரிவேளை கிடைத்தது.

அந்த வகுப்பில் நீங்கள் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த ஒரு செய்தியைப் பிள்ளைகள் காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவார்கள். அதை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வீர்கள். இதைப் பார்த்தது யார், இதைப் படம் பிடித்தவர் எங்கே நின்றார், இதை நான் அனுப்பினால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். வதந்தியைக் கொண்டுவந்த பிள்ளையை யாரும் கேலி செய்யக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தீர்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நம்பியது அந்தப் பிள்ளையின் குற்றமா என்று கேட்பீர்கள். பெற்றோரில் சிலருக்கு அந்த வகுப்பு பிடிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் வந்து எதிர்க்கேள்வி கேட்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். அவர்களையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசினீர்கள். பாதிப் பேர்தான் வந்தார்கள்.

சுந்தரபாண்டியம் ஊரில் நடந்ததை நான் இன்னும் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பிள்ளையைப் பார்க்க நாம் இருவரும் போயிருந்தோம். அந்த வாரம் முழுக்கப் பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்ற செய்தி எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை முன்னால் கூட்டம். நடுவில் ஒரு புருஷனும் பெண்சாதியும். பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற வெளிமாநிலத்துச் சனம். பாத்திரங்கள் தெருவெல்லாம் உருண்டு கிடந்தன. அந்த ஆளின் உதட்டில் ரத்தம். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். வாங்க அக்கா, போலீசுக்குப் போன் பண்ணுவோம் என்றேன். நீ பண்ணு என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள்ளே போய்விட்டீர்கள். போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், அந்த மண்ணில், பள்ளிக்குக் கட்டிவந்த பருத்திச் சேலையோடு உட்கார்ந்தீர்கள். ஒருவர் கையை ஓங்கியபடி வந்தார். அந்தக் கை உங்கள் முகத்தில் பட்டுக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவருக்கே பயமாகிப் போயிற்று. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

அந்த நேரத்தில்தான் கேட்டீர்கள். "எந்தப் பிள்ளையக் காணோம்? பேரு என்ன? பேரச் சொல்லுங்க, நானும் சேந்து தேடுதேன்."

யாருக்கும் பேர் தெரியவில்லை. கீழத்தெருப் பிள்ளை என்றார் ஒருவர். கீழத்தெருக்காரர் ஒருவர் அங்கேயே நின்றார். எங்கள் தெருவில் இல்லை, கான்சாபுரத்தில் என்று கேள்விப்பட்டேன் என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று கண்ணாடியைத் தட்டிவிட்டவரையே கேட்டீர்கள். அவர் லாரி ஓட்டுகிறவர். மச்சான் அனுப்பினான் என்றார். மச்சானுக்குப் போன் போடுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றீர்கள். மச்சான் எடுத்தார். அவருக்கு இராஜபாளையத்தில் மில்லில் கூட வேலை பார்க்கிறவர் அனுப்பியிருந்தார். அந்த நம்பரையும் வாங்கிப் போட்டார்கள். அவருக்கு ஒரு சொந்தக்காரர். சொந்தக்காரருக்கு ஒரு குரூப். தெருவே நின்று கேட்டது. கடைசியில் கிடைத்த ஆள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எனக்கு என்ன தெரியும்? வந்துச்சு, அனுப்பிட்டேன்."

லாரிக்காரர் போனை அணைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை உங்களிடம் டீ குடித்த தாய்மாரில் ஒருத்தி கூட்டத்தில் இருந்திருக்கிறாள். அவள்தான் முதலில் குனிந்து ஒரு தூக்குவாளியைப் பொறுக்கினாள். பிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் வந்தபோது பாத்திரம் எல்லாம் திரும்பக் கூடையில் அடுக்கியிருந்தது. அந்தப் பெண் உங்கள் விரலை விடவே இல்லை. அவள் பாஷை உங்களுக்குத் தெரியாது, உங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. ஜீப்பில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டேதான் இருந்தீர்கள்.

திரும்பி வருகிற பேருந்தில், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொள் என்றீர்கள். கண்ணாடி இல்லாததால் மட்டும்தானா அக்கா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நோய் வந்த பிறகு உங்கள் போனுக்கு வந்த வைத்தியங்களைச் சொல்லி மாளாது. ஒருநாள் நான் வந்தபோது எதிர்வீட்டுப் பெண் முள்சீத்தா இலைக் கஷாயம் கொண்டுவந்தாள். எல்லாக் கட்டியையும் கரைக்கும் என்று போனில் வந்ததாம். நீங்கள் டம்ளர் முழுக்கக் குடித்தீர்கள். அவள் போன பிறகு நான் உங்களை முறைத்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன், கெடுதல் இல்லையாம், நல்லதும் செய்யாதாம் என்றீர்கள். "விடிஞ்சதும் விடியாததுமா எங்க போய்த் தேடிப் பறிச்சாளோ. நாளைக்கு அவகிட்ட மெதுவாச் சொல்லுதேன். இன்னிக்கு வேண்டாம்." மறுநாள் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

உங்கள் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு முந்தின வாரம், பழைய மாணவிகள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. முத்துமாரி செய்து அனுப்பியிருந்தாள். உங்கள் முதல் வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்தவள், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஆண்டு விழாவில் நீங்கள் பேசிய பழைய பதிவிலிருந்து உங்கள் குரலை எடுத்து, உங்கள் போட்டோவைப் பேச வைத்திருந்தாள். போட்டோவில் நீங்கள் இமைத்தீர்கள். தலையை லேசாகச் சாய்த்தீர்கள். "என் அன்பு மாணவச் செல்வங்களே, நான் உங்களை விட்டு எங்கும் போகவில்லை" என்றீர்கள்.

நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் யாரையும் மாணவச் செல்வமே என்று கூப்பிட்டதில்லை. "ஏட்டி, இங்க வா" என்பதுதான் உங்கள் செல்வம். அது பொய் என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அன்று காலைப் பேருந்தில், ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏனென்றால் குரல் உங்கள் குரல் அக்கா. 'போகவில்லை' என்பதில் அந்த 'வி' கொஞ்சம் மேலே ஏறி இறங்குமே, அதுகூட இருந்தது. ஒரு வருஷமாக அந்த ஏற்ற இறக்கத்துக்கு என் காது ஏங்கிக் கிடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆராதனை முடிந்த சில வாரங்களில் உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். தேவராஜ் அண்ணாச்சி தானாக யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை. நேரம் இருந்தால் வீட்டுக்கு வந்துபோக முடியுமா என்றார். போனேன். ஆள் இளைத்திருந்தார். மேசையில் போன் நட்டமாக நிறுத்தி வைத்திருந்தது. அதில் நீங்கள் உறைந்து நின்றீர்கள். சாப்பிடும்போது அதை ஓடவிட்டுக்கொண்டே சாப்பிடுவதாகச் சொன்னார். முத்துமாரியிடம் கேட்டு அவருக்கென்று தனியாக ஒன்றும் செய்து வாங்கியிருக்கிறார். அதில் நீங்கள் 'தேவராஜ், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்' என்கிறீர்கள்.

"அவ ஒரு நாளும் என் பேரச் சொன்னதில்ல" என்றார் அண்ணாச்சி. "இது அவ இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. அதுக்காக உன்னையக் கூப்பிடல." சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "கொஞ்ச நாளா அவ நெசக் குரல் ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. நெனச்சா இந்தக் குரல்தான் வருது. என்னைய எப்படிக் கூப்பிடுவா, அதுகூட மறந்துருச்சு. நான் என்ன செய்யட்டும்?"

உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

என் போனில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. நீங்கள் போன பிறகு நான் அவற்றைத் திறந்ததில்லை. திறந்தால் தாங்குமோ என்று பயம். அன்று அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தேன். முதலில் குக்கர் விசில். பிறகு நீங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூச்சு வாங்க, அவசர அவசரமாகப் பேசுகிறீர்கள். சுகுணா, வினாத்தாளை மறந்துவிடாதே, நான் அடுத்த பஸ்ஸில் வாரேன், இந்த மனுசருக்குக் கல்யாண வீட்டுக்குப் போகணுமாம், சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறீர்கள். நடுவில் தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், என் வேட்டி எங்கே என்று கேட்கிறது. நீங்கள் போனை விட்டு முகத்தைத் திருப்பி, "இந்தா, கட்டில் மேலதான இருக்கு, ஏங்க, கண்ணத் தெறந்து பாருங்க" என்று சத்தம் போடுகிறீர்கள்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏங்க" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். சிரித்தார். அப்படியே அழுதார். நானும்தான். அந்தப் பதிவில் அவருடைய குரலும் இருந்தது அக்கா. நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கிற சத்தம் அது.

எல்லாப் பதிவுகளையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். மேசை மேல் இருந்த அந்த வீடியோவை அவரே அழித்தார். முத்துமாரிக்கும் அவரே போன் போட்டார். திட்டவில்லை. உன் பிரியம் எனக்குத் தெரியும் தாயி, ஆனால் வேண்டாம் என்றார். அவள் எனக்குக் கூப்பிட்டு, விடுமுறை எடுத்து வருகிறேன், ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பை எனக்குத் தருவீர்களா என்று கேட்டாள்.

அந்த வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லையே. கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். உங்கள் அளவுக்கு ஓரத்தில் உட்கார எனக்கு வரவில்லை. பாதியில் எழுந்து விடையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் முத்துமாரி வந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அந்த வீடியோவை ஓடவிட்டு, இதை நான்தான் செய்தேன் என்றாள். எப்படிச் செய்தாள் என்பதையும் ஒளிக்காமல் காட்டினாள். டீச்சர் மேல் உள்ள ஆசையில் செய்தேன், ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாக ஆக்கிவிட்டேன் என்றாள். இமை இமைப்பதில் வித்தியாசம் தெரிகிறது என்றாள் ஒரு பிள்ளை. உதடு ஒட்டவில்லை என்றாள் இன்னொருத்தி. அடுத்த வருஷம் அதுவும் தெரியாது, அப்போது என்ன செய்வீர்கள் என்று முத்துமாரி கேட்டாள்.

நான் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். கான்சாபுரத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், மெதுவாக எழுந்தாள்.

"அப்ப அவியளோட பழகுன ஆளப் போய்த்தான் கேக்கணும் டீச்சர்."

அத்தனை பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீங்கள் நோயில் விடுப்பெடுத்த பிறகு சேர்ந்தவர்கள், அவர்களில் ஒருத்திகூட உங்களை நேரில் பார்த்ததில்லை அக்கா. மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோபம் வருமா, அடிப்பீர்களா, எப்படிச் சிரிப்பீர்கள், நல்லாப் பாடுவீர்களா. நான் தெரிந்ததைச் சொன்னேன். பாடுவதைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

அந்த வீடியோவை எல்லாருடைய போனிலிருந்தும் எடுக்க முடியாது என்கிறாள் முத்துமாரி. எங்கேயோ யாரோ பத்திரமாக வைத்திருப்பார்கள். நாளைக்கு அதில் உங்கள் வாயில் வேறு யாரும் வேறு எதையும் வைக்கலாம். இதற்கெல்லாம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு பதில் மனதில் தோன்றத்தான் செய்கிறது. உங்கள் குரலிலேயே தோன்றுகிறது. எழுத மாட்டேன். அது என்னுடையது, உங்களுடையது இல்லை.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அக்கா. மெர்சி டீச்சர் எப்படிப்பட்டவர் என்று யார் வந்து கேட்டாலும், என் நினைவு தெளிவாக இருக்கிற வரைக்கும், உட்காரவைத்துச் சொல்வேன். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். நீங்கள் சொல்லாத ஒரு சொல்லை, அது எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும், எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருந்தாலும், உங்கள் வாயில் வைக்க மாட்டேன்.

கூடப் பிறக்காமலே உங்களுக்குத் தங்கையாகிப் போன,
சுகுணா
இராஜபாளையம்